கழுவி வைத்த விமானம்

ஒரு மனிதர் பதினாலு மாதம் பாடுபட்டு அழுக்காக்கிக்கொண்டிருந்த பொருளை, நான் கால் மணி நேரத்தில் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து வைத்தேன். அதுவும் யாரும் கேட்காமல். அதுவும் உதவி என்று நினைத்துக்கொண்டு. முட்டாள்தனத்துக்குக் கோப்பை கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இருந்திருந்தால் அந்த வருடக் கோப்பை என் வீட்டு அலமாரியில்தான் இருந்திருக்கும். அதையும் கழுவித்தான் வைத்திருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வை வேலை. மேற்பார்வை என்றால், குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருப்பவர்களிடம் "வாருங்க, வாருங்க" என்று சொல்வது. நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் வாரிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆகவே மிச்ச நேரமெல்லாம் ஜோக் அடிப்பேன். என் முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்து, கோணலாகப் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து நிற்கும், டீக்கடை பெஞ்சில் தோள்மேல் தலை வைத்துத் தூங்குகிறவன் மாதிரி. ஜோக் சுமாராக இருந்தாலும் அந்தப் பல்லைப் பார்த்துப் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள்.

அந்தப் பல்லால்தான் எனக்கு அவரைத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பல் கட்டுகிற கடை வைத்திருந்தார். டாக்டர் இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் இருபது வருடம் பல்செட்டு செய்து கொடுத்துவிட்டு, சொந்த ஊருக்கு வந்து கடை போட்டவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரில் பல்லுக்காரர் என்றால் போதும். நான் அண்ணே என்பேன். ஐம்பதைத் தொட்ட வயது, கல்யாணம் கிடையாது. கடை ஊருக்குள் இருந்தாலும் வீடு கடற்கரைக் குப்பத்தை ஒட்டி இருந்தது. அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்பார்.

எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த சமயம், கோணல் பல்லைப் பிடுங்கிவிட்டு நேராக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கோயில் சிற்பத்தைப் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை.

"இத மட்டும் எவனையும் தொட உடாதப்பா. இது போச்சின்னா நீ சொல்ற ஜோக்குக்கு நீயேதான் சிரிச்சிக்கணும்."

"பொண்ணு வீட்டுல என்னண்ணே சொல்லுவாங்க?"

"சிரிச்சாங்கன்னா கட்டிக்க. சிரிக்கலன்னா தப்பிச்சேன்னு வந்துடு."

இந்த மாதிரி கோணல் மறுபடி கிடைக்காது என்று சொல்லி, சும்மா இருந்தவனுக்கு அளவு எடுத்து, வெள்ளை மாவில் என் பல்வரிசைக்கு ஓர் அச்சு ஊற்றி, அடியில் பென்சிலால் என் பெயரை எழுதி அலமாரியில் வைத்துக்கொண்டார். ஊர்க்காரர்களின் வாய்கள் அங்கே வரிசையாக இருந்தன. என் வாயும் சேர்ந்தது. பெண்ணும் சிரித்தாள். கட்டிக்கொண்டேன்.

அவரிடம் ஒரு குணம். இருந்ததைவிட நன்றாக எதையும் செய்து தரமாட்டார்.

கூனிமேட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடை பாய் வந்தார். மேல்வரிசை முழுதும் போய்விட்டது. பழைய போட்டோ ஒன்று கொண்டுவரச் சொன்னார் பல்லுக்காரர். அதில் பாய்க்கு முன்னால் ஒரு சந்து, பக்கத்தில் வெற்றிலைக் கறை. பத்து நாள் கழித்துச் செட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்த பாய் கொதித்துப்போனார்.

"இன்னா பல்லுய்யா இது? கறையோட குடுத்திருக்க? சந்து வேற உட்டிருக்க!"

"உங்க பல்லு பாய். வூட்டுக்குப் போயிட்டு வாங்க. புடிக்கலன்னா மாத்தித் தர்றேன்."

மறுநாள் பாய் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்து, அப்புறம் அழுததாம். பத்து வருடமாகப் பொக்கை வாயனைப் பார்த்துப் பார்த்துத் தன் வீட்டு மனிதரின் முகமே மறந்துபோயிருந்ததாம்.

எல்லோரும் அல்வா கொடுக்கவில்லை. தேர்தலில் நிற்கப்போகிற ஒருவர் வந்து, போஸ்டருக்கு எடுப்பாக, முத்து மாதிரி, வெள்ளையாக வேண்டும் என்றார். "போஸ்டருக்குத்தானே? பெயின்டர்கிட்ட போங்க" என்று அனுப்பிவிட்டார். ஒரு வியாபாரம் இப்படித்தான் நடத்துவார்களா என்று நான் கேட்டேன். "இல்லாத பல்ல எப்பிடிப்பா நான் குடுக்கிறது?" என்றார். கேட்கப் பெருமையாக இருக்கும். கூட இருந்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். எதையும் மறக்காத மனிதர் நம் தப்பை மட்டும் எப்படி மறப்பார்?

கடையின் உள்ளறையில்தான் விமானம் இருந்தது.

சிங்கப்பூரில் வேலை செய்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே துண்டு துண்டாக இருப்பதை ஒட்டினால் முழங்கை நீளத்துக்கு ஒரு சரக்கு விமானம் வரும், இரண்டு இன்ஜினோடு. கைவாகு உள்ளவன் ஒரு வாரத்தில் ஒட்டிவிடுவான். அவருக்கு முதலில் அதைக் கெடுக்கவே நாலு மாதம் ஆயிற்று. பெட்டியில் வந்தது ஊருக்குப் பொதுவான விமானம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு விமானம்.

அவருடைய தம்பி விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவன். வடக்கே எங்கோ ஓர் ஊரில், விமானத்தின் உடம்பில் ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து ஆணி அடிக்கிற வேலை. இருபத்து நாலு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவனுடைய டிரங்குப் பெட்டியில் வந்தது ஒரே ஒரு கலர் போட்டோ. விமானத்தின் மூக்குக்குக் கீழே நின்று, ஒரு கையை உயர்த்தி அதன் மேல் வைத்திருக்கிறான். உச்சி வெயில். முகம் இருக்கவேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. விமானம் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக விழுந்திருந்தது.

"தம்பி மூஞ்சிய யாராவது ஆர்ட்டிஸ்ட்கிட்ட சொல்லி வரைஞ்சிக்கலாமேண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மூஞ்சி வெளுத்துப்போச்சி. ஏரோப்ளேன்தான் இருக்குது. இருக்கிறதத்தானே செய்ய முடியும்?"

பல் ராவுகிற டிரில்லால் பிளாஸ்டிக்கைக் குடைந்தார். மெழுகுக் கத்தியால் கோடு கிழித்தார். போட்டோவில் கதவுக்குக் கீழே தம்பி ஒட்டிய தகடு ஒன்று தெரியும். அதே அளவுக்குத் தகரம் வெட்டி ஒட்டி, ஊசி முனையால் ஆணித் தலைகளை வைத்தார். ஒரு நாள் நான் போனபோது அந்தத் தகட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, நேத்துத்தானே ஒட்டினீங்க?"

"ஆறு ஆணி வச்சிட்டேன். போட்டோவுல ஏழு."

"யாருண்ணே எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணிட்டேனே."

 

2004-ஆம் வருடம், மழை விட்டும் விடாமலும் இருந்த சமயம். உப்பளத்தில் வேலை இல்லை. பாத்தியெல்லாம் தண்ணீர். பழைய உப்பு ஓலை போட்டு மூடிய குவியலாகக் கிடந்தது. "கொஞ்சம் உப்பு கொண்டா" என்றார். பொடி தனி, குருணை தனி, கல் தனியாக. கொண்டுபோனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குருணை பெரிது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி சலித்துக் கொண்டுபோனேன்.

"இன்னாண்ணே, ஊறுகாயா?"

"ம்."

பல் பிடுங்கினவர்களுக்கு வாய் கொப்பளிக்க என்று நானாக நினைத்துக்கொண்டேன். வாய் கொப்பளிக்கிற உப்பை எதற்கு மூன்று ரகமாகச் சலிக்கவேண்டும் என்ற கேள்வி எனக்கு வரவேயில்லை. இதை முட்டாள்தனம் என்று சொல்லக்கூடாது. திறமை என்றுதான் சொல்லவேண்டும்.

அரைகுறையாக இருக்கும்போது எதையும் யாருக்கும் காட்டமாட்டார். அந்த ஒரு மாதம் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டே வேலை செய்தார். காலையில் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவருவார். சாயந்திரம் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சுவரில் மாட்டிவிடுவார். டிசம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கடையைப் பூட்டும்போது முகத்தில் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. சிரிப்பு என்று சொல்லமுடியாது. பல்வலி விட்டுப்போனவன் முகம் மாதிரி.

"திங்கக்கெழம வா. காட்டறேன்" என்றார்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. அதற்குச் சுனாமி என்று பெயர் என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரியும். குப்பத்தில் போனவர்களைப் பற்றி எழுத நான் ஆள் இல்லை. என் வாய் அதற்கு லாயக்கில்லை. பல்லுக்காரர் ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்து உயிர் தப்பினார். நெஞ்சுத் தோல் உரிந்துபோயிருந்தது. வீடு இருந்த இடத்தில் வாசற்படி மட்டும் இருந்தது.

கல்யாண மண்டபம் ஒன்றில் எல்லோரையும் தங்கவைத்திருந்தார்கள். நான் பால் பாக்கெட்டும் ரொட்டியும் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி போட்டோ போச்சாண்ணே?"

"போச்சி." ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "போனா போவுது. கடையில இருக்குது" என்றார்.

இன்னொரு காப்பி இருக்கிறது போல என்று நினைத்தேன். கடைச் சாவியைக் கொடுத்து, மாற்று மூக்குக் கண்ணாடியும் ஒரு சட்டையும் இருக்கும், எடுத்து வா என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் ஒன்றும் செய்யவும் சொல்லவில்லை.

கடைத் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் உள்ளறைக் கதவைத் திறந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. மேசை மேல் விமானம். உடம்பு முழுதும் வெள்ளி நிறம். அதன் மேல் அங்கங்கே உப்பு, மூக்கிலும் இறக்கையிலும் கதவுக்குக் கீழேயும், பொடியும் குருணையும் கல்லுமாகப் பூத்துக் கிடந்தது.

உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான். எதில் உப்பு ஒட்டினாலும் அன்றைக்கே கழுவு. தராசாக இருந்தாலும் சரி, மண்வெட்டியாக இருந்தாலும் சரி, உன் காலாக இருந்தாலும் சரி. விட்டால் தின்றுவிடும். ஊரே அந்த வாரம் எதையாவது கழுவிக்கொண்டுதான் இருந்தது. கடல் எப்படியோ உள்ளே புகுந்து அண்ணனின் விமானத்தையும் கடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஜன்னல் கீழே தரை காய்ந்து கிடந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கெட்டை எடுத்தேன்.

மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். சோப்பு போட்டேன். ஆணித் தலைகளின் இடுக்கில் இருந்ததைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் எடுத்தேன். உப்பு கரைந்து வந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். துண்டால் துடைத்து, அதே துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல மண்டபத்துக்குத் தூக்கிப் போனேன். மாற்றுக் கண்ணாடியை மறந்துவிட்டேன்.

"அண்ணே, இது ஒண்ணாவது தப்பிச்சிதுண்ணே! ஒரு உப்பு இல்ல. சுத்தமா இருக்குது பாருங்க!"

துண்டைப் பிரித்தார். கண்ணாடி இல்லாததால் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். மூக்குப் பகுதியில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். பிறகு இறக்கை. பிறகு கதவுக்குக் கீழே, அந்த ஏழு ஆணி.

"எத்தினி தண்ணி உட்ட?"

"மூணுண்ணே."

"சோப்பு?"

"போட்டேண்ணே."

"நல்லா கழுவியிருக்க."

அவ்வளவுதான். துண்டை மறுபடி சுற்றி, தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பாராட்டு என்று நினைத்து நான் பல்லைக் காட்டினேன். இந்த இடத்தை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. நான் சிரித்தேன்.

எனக்கு விஷயத்தைச் சொன்னது பைக்குக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவன். அடுத்த மாதம் ஒரு நாள் அவன் பட்டறையில் நின்றபோது, "அந்தப் பல்லுக்காரரு திங்கக்கெழம ஸ்ப்ரே அடிக்க வர்றேன்னாரு, அப்புறம் ஆளையே காணோமே" என்றான். அவர் அவனிடம் எல்லாம் விளக்கியிருக்கிறார். போட்டோவில் இருந்த விமானத்தில் சாம்பல் நிறப் பெயின்ட் அங்கங்கே உரிந்து, உள்ளே வெள்ளித் தகடு தெரிந்தது. அதே மாதிரி வரவேண்டும் என்றால் முதலில் வெள்ளி அடிக்கவேண்டும். எங்கெங்கே உரிந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஈரம் தொட்டு, உரிந்த அளவுக்குத் தக்கபடி உப்பை ஒட்டவேண்டும். காய்ந்த பிறகு மேலே சாம்பல் நிறத்தை அடித்து, உப்பைத் தட்டிவிட்டால், உப்பு இருந்த இடமெல்லாம் உரிந்த இடமாகிவிடும்.

"ஒரு மாசமாம்பா. லென்ஸ்ல போட்டோவப் பாத்துப் பாத்து ஒவ்வொரு உப்பா சாமணத்துல எடுத்து வச்சாராம். தம்பி கை வச்ச எடத்தச் சுத்தி விரல் தேஞ்சி உரிஞ்சிருந்துதாம். அதுக்கு மட்டும் நாலு நாளு."

கடையில இருக்குது என்று அவர் சொன்னது அந்த உப்பைத்தான். போட்டோவைக் கடல் எடுத்துக்கொண்டது. போட்டோவில் இருந்ததை நான் சாக்கடையில் ஊற்றினேன்.

ஓடினேன். அவர் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். காலில் விழாத குறையாக ஏதேதோ சொன்னேன். அந்தப் போட்டோவை எடுத்தவன் யார், அவனுக்கு எழுதிப் பார்க்கலாமே என்றேன். விலாசம் இருந்த கடிதங்களும் அதே சுவரோடு போய்விட்டன. பிறகு, நான் வாயை மூடியிருக்கவேண்டிய நேரத்தில், இரண்டு வாக்கியம் சொன்னேன். முதல் வாக்கியம்: "உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே, தோராயமா வச்சிடுங்களேண்ணே."

"தோராயமா எனக்குத் தம்பி இல்ல" என்றார். குரல் உயரவில்லை.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். இரண்டாவதையும் சொன்னேன். "ஊருல எவ்வளவோ போச்சேண்ணே. இது ஒரு பொம்மதானே."

அவர் ராவிக்கொண்டிருந்த பல்லைத் தொடர்ந்து ராவினார்.

திட்டியிருந்தால் தேவலை. செருப்பால் அடித்திருந்தால் அதை வைத்தே பத்து வருடத்துக்கு ஜோக் சொல்லியிருப்பேன். தெருவில் பார்த்தால் "சாப்பிட்டியா" என்பார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்பார். முன்பு என்னை ஒருநாளும் சௌக்கியம் விசாரித்ததில்லை. விமானத்தைக் கடையின் முன்பக்கமே கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். வெள்ளியாக, ஒரு கீறல் இல்லாமல், பளபளவென்று. பல் கட்ட வருகிறவர்கள், "அட, புத்தம் புதுசு மாதிரி இருக்குதே!" என்பார்கள். அவர் தலையாட்டுவார். நான் அங்கே இருந்தால் எனக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

2006-இல் என் சைக்கிள் செயின் அறுந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. என் வாழ்க்கையில் நான் கழுவியிருக்கவேண்டிய ஒரே பொருள் அதுதான், அதைக் கழுவவில்லை. உப்பள வரப்பில் முகம் குப்புற விழுந்தேன். எழுந்தபோது கோணல் பல் இல்லை. வாயில் ரத்தமும் உப்பும். சேற்றில் அரை மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை.

பாண்டிச்சேரிக்குப் போயிருக்கலாம். அவரிடமே போனேன். ஏன் என்று கேட்டால், வேறு யாருக்கும் அந்தப் பல்லைத் தெரியாது.

"வாயத் தொற" என்றார். அளவு எடுத்தார். "அடுத்த புதன்" என்றார்.

புதன்கிழமை எனக்கு முன்னால் குப்பத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் செட்டு தயாராக இருந்தது. போட்டதும் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை; உதட்டைக் குவித்து ஒரு விசில் அடித்தார். தெரு நாய் எழுந்து நின்றது.

"அடடே! அந்தச் சந்த அப்பிடியே வச்சிட்டியேப்பா! இதுலதான் படகுக்காரனுங்கள நான் கூப்புடுவேன்!"

"உங்க சந்து, நான் யாரு மாத்தறதுக்கு" என்றார் பல்லுக்காரர். அவர் முகத்தில் அந்தப் பழைய, பல்வலி விட்ட களை ஒரு நொடி வந்து போயிற்று. எனக்குள் ஏதோ இளகியது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். முட்டாளுக்கு நம்பிக்கை சீக்கிரம் வரும்.

பெரியவர் விசில் அடித்துக்கொண்டே போனார். நான் உட்கார்ந்தேன். பல் வைத்த தகட்டை என் வாயில் பொருத்தி, கடிக்கச் சொல்லி, கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

பார்த்தேன். அருமையான பல். நேராக, வெள்ளையாக, உடைசல் இல்லாமல், கறை இல்லாமல், முத்து மாதிரி. போஸ்டர் அடிக்கலாம். சிரித்துப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவன் யாரோ பேங்க் மேனேஜர் மாதிரி சிரித்தான். அவன் ஜோக் சொன்னால் நானே சிரிக்கமாட்டேன்.

கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தேன். ஊர்க்காரர்களின் வாய்களுக்கு நடுவில் என் அச்சு இருந்தது. அடியில் பென்சிலால் என் பெயர். கோணல் பல் உடைந்த ஓரத்தோடு பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மற்ற அச்சுகளில் தூசி இருந்தது. அதில் இல்லை. சமீபத்தில் யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அண்ணே," என்றேன். புதுப் பல்லில் நாக்கு இடறியது. "என் பல்லு இப்பிடி இல்லியேண்ணே. அச்சு அங்கதானே இருக்குது?"

அவர் மூலையில் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"சுத்தமா இருக்குதில்ல? போ."